மூவர் முடைந்த கூடையும் ஒருவர் அமரும் மேசையும்

பணியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியும் என் வீட்டு வாயிலுக்கு விண்ணப்பதாரர்கள் வருவது நிற்கவில்லை. ஒருவர் தம் மகள் செய்த சாவிக்கொத்துகளைப் பிஸ்கட் டின் ஒன்றில் அடுக்கிக்கொண்டு வருவார். இன்னொருவர் மனைவி பின்னிய குழந்தைத் தொப்பியைப் பையிலிருந்து எடுத்துத் தம் முட்டியில் மாட்டிக் காட்டுவார். எல்லாரும் கேட்பது ஒன்றே: சந்தையில் ஒரு கடை போடலாமா, வேண்டாமா? ஜார்ஜ் டவுனில் கடலோரத்துப் பழைய கிடங்கு ஒன்றின் முற்றத்தில் ஞாயிறுதோறும் கூடும் கைவினைச் சந்தைக்கு இருபத்தாறு ஆண்டுகள் விண்ணப்ப அலுவலராக இருந்தவன் என்பதால், எது விற்கும், எது விற்காது என்பதை நான் அறிந்திருப்பேன் என்று நம்புகிறார்கள். உண்மையில் அதை நான் அறியேன். ஒரு பொருளைக் கொண்டு வந்தவரே அதைச் செய்தவரா என்று கண்டறிவதுதான் என் தொழிலாக இருந்தது. அதிலும் ஒருமுறை பெரிதாகத் தவறினேன்.

சென்ற மாதம், என் நாற்காலியில் இப்போது அமர்ந்திருக்கும் கவிதா தொலைபேசியில் அழைத்தார். விண்ணப்பதாரர் நேரில் வந்து எங்கள் முன் பொருளைச் செய்து காட்டும் முறையை நீக்கிவிட்டு, வீட்டிலேயே செய்வதைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பினால் போதும் என்று மாற்றலாமா எனத் தேர்வுக் குழு ஆராய்கிறதாம்.

“இப்ப எல்லாரும் போன்லயே எடுத்து அனுப்பிடுறாங்க அங்கிள். ஆபீசுக்கு வாங்கன்னா, காடி எங்க நிறுத்துறதுன்னு கேக்குறாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க? ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன், சந்தையோட ஆண்டு மலர்ல போட்டுடலாம்.”

இரண்டு பக்கம் என்று தொடங்கியதுதான் இவ்வளவு நீண்டுவிட்டது.

இந்த வேலைக்கென்று நான் பயிற்சி எதுவும் பெற்றவன் அல்லன். கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். அது மூடப்பட்டபோது, தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் பிழையின்றிக் கடிதம் எழுதத் தெரிந்தவர் தேவை என்று சந்தைக் கழகத்தார் விளம்பரம் செய்திருந்தார்கள். சேர்ந்த பிறகு முதல் ஆறு மாதம் நான் எழுதியது சுண்ணக்கட்டியால் தரையில் கடை எண்கள் மட்டுமே. மழை பெய்தால் அவை அழியும், மறு ஞாயிறு மீண்டும் எழுதுவேன். பிறகு தேர்வுக் குழுவின் தலைவராகப் புவான் ரொகானி, நம் வழக்கில் ரொகானி அம்மையார், வந்தார். என் வேலை அன்றுதான் தொடங்கிற்று என்று கொள்ளலாம்.

புவான் ரொகானி பள்ளியொன்றில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளை நீட்டினாலும் முதலில் அதைத் தலைகீழாகத் திருப்புவார். முகப்பை எல்லாரும் அழகாகச் செய்துவிடுவார்கள், செய்தவரை அறியப் பின்புறத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இதை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் விரல்களைப் பார்த்து நானாக அறிந்துகொண்டேன். விண்ணப்பதாரருக்கு எதிரே ஒருநாளும் அமரமாட்டார். எதிரே அமர்ந்து கடிகாரம் பார்ப்பது என் பங்கு. அவர் பக்கத்தில், தோளோடு தோள் படாத அளவு தள்ளி அமர்ந்து, வீட்டிலிருந்து குடுவையில் கொண்டுவந்த இஞ்சித் தேநீரை முதலில் வந்தவருக்கு ஊற்றுவார். கை நடுங்குகிறவரிடம் கிண்ணத்தைக் கொடுத்தால் நடுக்கம் கிண்ணத்துக்குப் போய்விடும் என்பார். நான் கவனித்த வரையில் அது பெரும்பாலும் உண்மை.

எங்கள் முறை இதுதான். விண்ணப்பத்தோடு மூன்று மாதிரிகள் வர வேண்டும். பிறகு மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கிடங்கின் சன்னலோரத்தில் போட்டிருந்த பழைய தேக்கு மேசையில் விண்ணப்பதாரர் ஒருவராக அமர்ந்து, மூலப்பொருளிலிருந்து தொடங்கிச் செய்து காட்ட வேண்டும். பாதி செய்ததைக் கொண்டுவரக் கூடாது. இடையில் அறையை விட்டு வெளியேறித் திரும்பவும் கூடாது, ஏனெனில் வெளியே போனவர் எதை மாற்றிக்கொண்டு வருவார் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு மணி நேரம் கழிந்ததும் நான் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுவேன். அதன் கீழே புவான் ரொகானி கையொப்பமிடுவார். இவ்விதிகளை மூன்று மொழியிலும் எழுதியவன் நான். விண்ணப்பப் படிவத்தின் இறுதியில் வரும் உறுதிமொழி, “இப்பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை என் கைகளாலேயே செய்தேன்” என்பது, என் சொந்த வாக்கியம். ஒரு சொல்லும் மிகாமல் குறையாமல் அமைந்த வாக்கியம் என்று பல ஆண்டுகள் எனக்குள் பெருமை இருந்தது.

மேசையில் நடந்தவை எல்லாம் நினைவிருக்கின்றன. மெழுகோவியத் துணிகள் கொண்டுவந்த மனிதர் ஒருவர், மெழுகு வார்க்கும் குழலைப் பேனாவைப் பிடிப்பதுபோல் பிடித்ததும் சூடான மெழுகு அவருடைய புதுக் கால்சட்டையில் வழிந்தது. புவான் ரொகானி அவருக்கு இரண்டாம் கிண்ணம் தேநீர் ஊற்றி, இவ்வளவு நல்ல துணிகளைத் தேர்ந்தெடுத்த கண் தம்மிடம் இல்லை என்றும், கண்ணை வைத்தே பிழைக்க ஒரு கடைத்தெரு இருக்கும்போது கையை ஏன் தொல்லைப்படுத்த வேண்டும் என்றும் சொன்னார். அந்த மனிதர் வேறொரு தெருவில் துணிக்கடை வைத்தார். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் அவரிடமிருந்து எங்களுக்குப் பலகாரம் வரும். இன்னொருமுறை குளியலுக்கான சவர்க்காரம் செய்யும் பெண் ஒருவர் வந்தார். சவர்க்காரம் வார்த்த பிறகு நான்கு வாரம் உலர வேண்டும். என் இரண்டு மணி நேரத்தில் அது எப்படி அடங்கும்? விதியில் அதற்கு இடமில்லை என்றேன். அலமாரியில் இடமிருக்கிறதே என்றார் புவான் ரொகானி. நான்கு வாரம் என் கோப்புகளுக்கெல்லாம் எலுமிச்சைப்புல் மணந்தது. அந்த மாதம் நான் அனுப்பிய கடிதங்களைப் பிரித்தவர்கள் முகர்ந்து பார்த்திருப்பார்கள்.

இனி, நான் தவறிய இடத்துக்கு வருகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், பாயான் பாருவிலிருந்து பாக்கியம் என்னும் பெண் விண்ணப்பித்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். தொழிற்சாலையில் கொடுத்த சாம்பல்நிற மேலங்கியை, தொழிற்சாலை அவரை விட்ட பிறகும் அணிந்திருந்தார். பெரிய அட்டைப்பெட்டிகளை இறுக்கிக் கட்டும் நெகிழிப் பட்டைகள் மின்னணுத் தொழிற்சாலைகளின் கழிவில் குவியல் குவியலாகக் கிடைக்கும். அவற்றைக் கழுவி, வெள்ளையும் பச்சையும் கருப்புமாகச் சேர்த்து முடைந்த கூடைகளை மாதிரிக்கு அனுப்பியிருந்தார். நாற்புறமும் கோணாத கூடை. ஒரு மூட்டை அரிசியை வைத்துத் தூக்கினாலும் பிடி முறுக்கிக்கொள்ளாது. அத்தனை திருத்தமாக இருந்ததே எனக்கு ஐயத்தை உண்டாக்கிற்று. கூடையின் உள்மூலையில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நகமளவு பட்டைத் துண்டுகள் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகப்பட்டிருந்தன. அழகுக்கு வைத்தவை என்றால் வெளியே அல்லவா வைப்பார்கள்? ஏதோ ஒரு தொழிற்சாலை தன் சரக்குக்கு இட்ட அடையாளம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். வெளிநாட்டுச் சரக்கின் ஒட்டுத்தாளை உரித்துவிட்டுக் கைவினை என்று கொண்டுவந்தவர்கள் சிலரை அதற்கு முன் பிடித்திருந்ததால், எனக்கு அப்போது தன்னம்பிக்கை சற்று மிகுந்திருந்தது.

சனிக்கிழமை பாக்கியம் மேசையில் அமர்ந்தார். பட்டைகளைப் பரப்பினார். கூடையின் அடியை முதலில் பின்ன வேண்டும், பிறகு பட்டைகளை நிமிர்த்தி உடலைச் சுற்றி ஏற்ற வேண்டும், கடைசியில் விளிம்பை மடித்துப் பிடியைக் கோக்க வேண்டும். அவர் அடியைத் தொடங்கினார், கோணிற்று. பிரித்தார். மறுபடி தொடங்கினார், மறுபடியும் கோணிற்று. அரை மணி நேரத்தில் புவான் ரொகானி ஊற்றிய தேநீர் ஆறிப் போனது. அவர் அதைத் தொடவேயில்லை.

“சார், அடி வேணாம் சார். மேல் வேலை செஞ்சு காட்டட்டுமா?” என்று கேட்டார்.

தொடக்கத்திலிருந்துதான் செய்ய வேண்டும் என்றேன். உள்ளே செருகியிருந்த மூன்று துண்டுகளைக் காட்டி இவை என்ன என்று கேட்டேன். எப்போதும் வைக்கிற அடையாளம்தான் என்றார். யார் வைப்பது என்று கேட்டேன். தாம் கையொப்பமிட்ட உறுதிமொழி என் முன்னே இருந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எஞ்சிய நேரம் முழுவதும் அப்படியே அமர்ந்திருந்தார். எழுந்து போகலாம் என்று நான் சொல்லும்வரை எழவும் இல்லை. “செய்தவர் இவர் அல்லர்” என்று குறிப்பேட்டில் எழுதினேன். மிகச் சரியான வாக்கியம் என்று அன்று எனக்குத் தோன்றியது.

புவான் ரொகானி கையொப்பமிடவில்லை. பாக்கியம் விட்டுச் சென்ற மாதிரிக் கூடையைத் தலைகீழாகத் திருப்பினார். அடியை அழுத்தினார், உடலை விரலால் நெம்பினார், விளிம்பின் மடிப்பைத் தடவினார். நெடுநேரம் கழித்து, எப்போதும்போல் என்னை ‘என்சிக்’ என்று மரியாதையாக விளித்து, மலாயில் சொன்னார்:

“என்சிக் நாதன், தொழிற்சாலையிலிருந்து வந்தால் எல்லாம் ஒரே கையாக இருக்கும். இதில் மூன்று பேர் இருக்கிறார்கள். அடி போட்டவர் ஆத்திரக்காரர், அவ்வளவு இறுக்கம். நடுவில் இருப்பவர் பேசிக்கொண்டே வேலை செய்கிறவர். விளிம்பு மடித்தவர்தான் இன்று வந்தவர் என்று நினைக்கிறேன். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.”

அடுத்த வாரம் பாயான் பாருவுக்குப் போனேன். அடுக்குமாடியின் நான்காம் தளம். இரும்புக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் தொலைக்காட்சியை நோக்கி அல்லாமல் சுவரோரமாக மூன்று நெகிழி முக்காலிகள் ஒரே வரிசையில் கிடந்தன. மூன்றிலும் மூன்று பெண்கள். இடக்கோடியில் அறுபதை நெருங்கிய சரோஜா, நடுவில் பிலோமினா, வலக்கோடியில் பாக்கியம். சரோஜாவின் மடியிலிருந்து பின்னி முடித்த கூடை அடி பிலோமினாவுக்குப் போனது. பிலோமினாவிடமிருந்து உடல் ஏறிய கூடை பாக்கியத்துக்குப் போனது. நான் உள்ளே வந்ததற்காக அந்த வரிசை நிற்கவில்லை. பிலோமினா ஓர் அடியைத் தூக்கிப் பார்த்து, “ரிஜெக்ட்டு” என்று இடப்பக்கம் திருப்பிக் கொடுத்தார். “ஒன் கண்ணுதான் ரிஜெக்ட்டு” என்று சரோஜா அதை வாங்காமலே வேலையைத் தொடர்ந்தார்.

பதினெட்டு ஆண்டுகள் ஒரே தொழிற்சாலையில், ஒரே வரிசையில், அடுத்தடுத்த இடங்களில் அமர்ந்து மின்சுற்று அட்டைகள் பொருத்தியவர்கள் அவர்கள். ஒருவர் தம் பகுதியை முடித்ததும் தமக்குரிய நிறத்தில் மையால் ஒரு புள்ளி வைத்து அடுத்தவரிடம் தள்ள வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்த வரிசையை நிறுவனம் மூடியதும், வீட்டுக்கு வந்து அதே வரிசையில் அமர்ந்து கூடை முடையத் தொடங்கியிருக்கிறார்கள். புள்ளிக்குப் பதில் பட்டைத் துண்டு. சரோஜா சிவப்பு, பிலோமினா நீலம், பாக்கியம் மஞ்சள். ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாது. தொழிற்சாலையிலும் தெரிந்ததில்லை.

இதை அன்று மேசையில் ஏன் சொல்லவில்லை என்று பாக்கியத்தைக் கேட்டேன்.

“ஃபாரம்ல ஒரு பேருக்குத்தான் சார் எடம் இருந்துச்சு. மூணு பேருன்னு சொன்னா, ஒருத்தருக்குமே இல்லன்னுடுவீங்கன்னு பயம்.”

நான் எளிய வழி ஒன்று கண்டேன். அல்லது, கண்டதாக நினைத்தேன். ஒவ்வொருவரும் மற்ற இரண்டு பகுதிகளையும் கற்றுக்கொள்ளட்டும். பிறகு ஒருவர் வந்து மேசையில் அமர்ந்தால் விதியும் நிறைவேறும், கடையும் கிடைக்கும். பிலோமினா கூடையின் உடலைப் பின்னக் கற்பிக்க அப்போதே ஆயத்தமானார். பாக்கியமும் அப்படியே. சரோஜா மட்டும் தலை நிமிரவில்லை.

“அடி போடுறதை நான் யாருக்கும் சொல்லிக் குடுக்க மாட்டேன்.”

“அக்கா பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அடி போட்டாலும் போடும் சார், நமக்குக் காட்டாது,” என்றார் பிலோமினா.

சிரிப்பு அடங்கியதும் நான் எழுந்தேன். பாக்கியம் என்னை வழியனுப்ப மின்தூக்கி வரைக்கும் வந்தார். அங்கேதான் செய்தி முழுவதும் தெரிந்தது. துப்புரவு ஒப்பந்தக்காரர் ஒருவர் பாக்கியத்தையும் பிலோமினாவையும் வேலைக்கு அழைத்திருந்தார். ஒருவருக்கு விமான நிலையம், மற்றவருக்கு மருத்துவமனை. அடுத்த மாதத் தொடக்கத்துக்குள் விடை சொல்லியாக வேண்டும். இடுப்பு வலியால் காலை இழுத்து நடக்கும் சரோஜாவை யாரும் அழைக்கவில்லை. கணவர் இல்லை, கடல்பாலத்துக்கு அப்பால், எதிர்க்கரையில், நிபோங் திபாலில் இருந்த ஒரே மகனின் வீட்டில் அப்போது அவருக்கு இடமும் இல்லை. சந்தையில் கடை கிடைத்தால் மூவரும் ஒன்றாக இருக்கலாம். கிடைக்காவிட்டால் அந்தக் கூடத்தில் ஒரு முக்காலி மட்டும் மிஞ்சும்.

“அடி போடத் தெரிஞ்சதனாலதான் அக்கா இன்னும் லைன்ல இருக்கு சார். அதையும் எங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டா, அதுக்கு என்ன இருக்கு?”

புவான் ரொகானியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, விதியைத் தளர்த்துவதற்கு எதிராகவும் வாதிட்டேன். அது என் கடமை என்று அப்போது நம்பினேன். இன்று மூவரை அமர்த்தினால், நாளை ஒரு வணிகர் பத்து வேலையாட்களைக் கூட்டி வந்து, பத்துப் பேரும் சேர்ந்து செய்தோம் என்பாரே, அப்போது என்ன செய்வோம்?

“பத்து நாற்காலி போடுவோம்,” என்றார் அவர். “அப்படி ஒருவர் வந்தால் நானும் பார்க்க வேண்டும்.”

அடுத்த முதல் சனிக்கிழமை, தேக்கு மேசையை ஓரம் தள்ளிவிட்டு மூன்று முக்காலிகளை வரிசையாகப் போட்டேன். மூவரும் வந்தார்கள். பாக்கியம் மேலங்கியைச் சலவை செய்து அணிந்திருந்தார். சரோஜா பட்டைகளைக் கையில் எடுத்தார், தம் வலப்பக்கம் இருந்த இருவரையும் பார்த்தார், பட்டைகளைக் கீழே வைத்துவிட்டார்.

“இதுங்க ரெண்டும் வெளிய நிக்கட்டும்.”

நான் சொல்ல வேண்டியிருந்தது: சோதனை தொடங்கிய பிறகு அறையை விட்டு யாரும் வெளியேற முடியாது. வெளியேறினால் சோதனை செல்லாது. இந்த ஒரு விதியையாவது காப்பாற்ற வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதமும் இருந்தது. சரோஜா கைகளைக் கட்டிக்கொண்டார். புவான் ரொகானி குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார், திறக்கவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. ஒப்பந்தக்காரருக்கு விடை சொல்ல வேண்டிய நாள் திங்கட்கிழமை என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

“வெளிய போனாத்தானே சார் தப்பு? திரும்பி உக்காந்தா ஒண்ணும் இல்லல்ல?” என்றார் பிலோமினா.

விதியில் அதற்குத் தடை ஏதும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். பிலோமினா எழுந்து தம் முக்காலியைச் சுவரை நோக்கித் திருப்பிப் போட்டு அமர்ந்தார். பாக்கியமும் அப்படியே செய்தார். இருவர் முதுகும் எங்களை நோக்கியிருக்க, சரோஜா அடி போடத் தொடங்கினார்.

நாற்பது நிமிடம் அவர்கள் சுவரைப் பார்த்தபடியே அமர்ந்திருந்தார்கள். சுண்ணாம்பு உதிர்ந்த பழைய கிடங்குச் சுவர் அது, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

“அக்கா, செவத்துல ஒரு பல்லி இருக்கு. அது ஒன் பக்கமாத்தான் பாக்குது. அதையும் திருப்பி விடவா?”

“வாயை மூடிக்கிட்டு உக்காரு லா.”

“பசியாறிட்டு வந்தியா அக்கா?” என்று பாக்கியம் சுவரிடம் கேட்டார்.

“ஒங்க ரெண்டு பேர் பேச்சுல பட்டை நழுவுது.”

பட்டை நழுவவில்லை. நான் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குறுக்குப் பட்டையையும் கோத்தபின் கட்டைவிரல் நகத்தால் மூன்று முறை தட்டி இறுக்குவார். மூலைக்கு வந்ததும் பட்டையை நேராக இழுக்காமல் தம் நெஞ்சை நோக்கிச் சற்றே சாய்த்து இழுப்பார். அவ்வளவுதான் அந்த மறைபொருள். கோணாத அடி அந்தச் சாய்வில் இருந்தது. சிவப்புத் துண்டைச் செருகி, “இந்தா” என்று வலப்பக்கம் நீட்டினார். பிலோமினா முக்காலியைத் திருப்பிக்கொண்டு வாங்கினார். அதற்குப் பிறகு அந்த வரிசை தன் நடையில் நடந்தது. பிலோமினா சுற்றி ஏற்றும்போது நெடும்பட்டையின் மறுமுனை தரையில் புரளாமல் இருக்கப் புவான் ரொகானி அதைத் தம் கையில் பிடித்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் முடிந்ததை நான் சொல்லவில்லை. நண்பகல் கடந்து மூன்று மணிக்குப் பாக்கியம் பிடியைக் கோத்து மஞ்சள் துண்டைச் செருகினார். புவான் ரொகானி அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் வரி எழுதும் முன்பே கையொப்பமிட்டுவிட்டார். மேலே எழுத வேண்டியதை எழுதினேன். பழைய பக்கத்தைத் திருப்பி, “செய்தவர் இவர் அல்லர்” என்பதை அடித்து, அடித்ததற்கு என் பெயரையும் எழுதி வைத்தேன். ஒப்பந்தக்காரருக்கு அவர்கள் வர இயலாது என்று மலாயில் கடிதம் எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

ஆகவே கவிதாவுக்கு என் கருத்து இது. கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பட்டும், தடையில்லை. ஆனால் மேசையை எடுத்துவிட வேண்டாம். படத்தில் கைகள் தெரியும். யாருடைய கைகள், அவற்றுக்குப் பக்கத்தில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பது தெரியாது. அதற்கு ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும், சில வேளைகளில் மாடிப்படி ஏறிப் போக வேண்டும். கடை போடலாமா என்று என்னைக் கேட்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். சாவிக்கொத்தை டின்னில் கொண்டுவர வேண்டாம், அதைச் செய்யும் மகளை அழைத்து வாருங்கள், ஒரு நாள் முழுவதும் அவளோடு ஒரே மேசையில் அமர்ந்து பாருங்கள். அந்த நாள் உங்களுக்குப் பிடித்திருந்தால் கடை போடுங்கள்.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு, மூவரிடமும் ஒப்புதல் பெறாமல் அச்சிடக் கூடாது என்று தோன்றியது. சென்ற ஞாயிறு சந்தைக்குப் போனேன். கடையில் பாக்கியமும் பிலோமினாவும் இருந்தார்கள். மகன் பெரிய வீட்டுக்கு மாறி அழைத்துக்கொண்டதால் சரோஜா மூன்று ஆண்டுகளாக நிபோங் திபாலில் இருக்கிறார். அங்கிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி வரும் தொழிற்சாலைப் பேருந்தில், ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால், அவர் போட்ட அடிகள் கட்டாக வருகின்றன. பாக்கியம் சாலையோரம் நின்று வாங்கிக்கொள்வார். அந்த ஓட்டுநர் அண்ணன் விடுப்பில் போனால் அந்த வாரம் கூடை இல்லை.

இத்தனை தொல்லைக்கு அடி போடவும் கற்றுக்கொண்டிருக்கலாமே என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தெரியும் அண்ணே,” என்றார் பாக்கியம்.

“எப்போதிருந்து?”

“நீங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனீங்கல்ல, அந்த வாரமே. அக்கா இடுப்பைக் காட்ட கிளினிக் போயிருந்துச்சு. அது போட்ட அடி ஒண்ணைப் பிரிச்சுப் பாத்தோம். திருப்பிப் போட்டோம். வந்துருச்சு.”

நான் கணக்கிட்டுப் பார்த்தேன். பிலோமினா உடல் பின்னவும் கற்பித்திருந்தார், அப்படியானால் இரண்டாம் சோதனைக்கு முன்பே பாக்கியத்துக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒருவராக வந்து அமர்ந்து, என் வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிவிட்டு, கடையை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். பிறகு ஏன் சுவரைப் பார்த்து நாற்பது நிமிடம் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன்.

பிலோமினா ஒரு கூடையைத் துடைத்து வைத்துக்கொண்டே சொன்னார்: “பின்ன? அக்கா எங்க போகும்?”

இதை எழுதலாமா என்று கேட்டேன். தாராளமாக எழுதச் சொன்னார்கள். சரோஜாவுக்குக் கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து தெரியாதாம்.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. வியாழக்கிழமை நிபோங் திபாலுக்குத் தொலைபேசியில் அழைத்து, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், அந்த வார நிகழ்ச்சியைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கினேன். சரோஜா என்னை முடிக்க விடவில்லை.

“அன்னைக்கு கிளினிக்ல கூட்டம் இல்ல. சீக்கிரம் வந்துட்டேன். இரும்புக் கேட்டு தொறந்து கெடந்துச்சு. ரெண்டும் தரையில உக்காந்து என் அடியைப் பிரிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க. சத்தம் போடாம கீழ எறங்கிப் போயி ஒரு தேத்தண்ணி குடிச்சேன். திருப்பிப் போட்டு முடிக்கட்டும்னு இன்னொண்ணும் குடிச்சேன்.”

“பிறகு ஏன் அவர்களை வெளியே நிற்கச் சொன்னீர்கள்?”

மறுமுனையில் நகத்தால் மூன்று முறை தட்டும் ஓசை கேட்டது.

“தெரிஞ்சுக்கிட்டாளுங்க. இனி அவளுங்களுக்கு நான் வேணுமா வேணாமான்னு எனக்குத் தெரிய வேணாமா?”

எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்த இரண்டும் மலர் வாங்கினால் படம் மட்டும்தான் பார்க்கும், படிக்காது என்றார். பேருந்து வரும் நேரமாயிற்று, எட்டுக் கூடைக்கு அடி கட்டி வைத்திருக்கிறேன், ஓட்டுநர் காத்திருக்கமாட்டார் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.